அப்பா ஏற்கெனவே படித்துவிட்டார்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பள்ளி திறக்கும் அன்று அப்பாக்களுக்கு வாய்மொழித் தேர்வு வைக்கப்போகிறார்கள் என்று நான் நம்பினேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை... கோடை விடுமுறை முழுக்க. நாற்பத்தொன்பது வயதில். நான் ஃபெயிலானால் மகளுக்கு டி.சி. கிழித்துக் கொடுத்துவிடுவார்களோ என்றுகூட ஒரு மத்தியானம் யோசித்தேன். இந்த வருஷத்து வெயில் அப்படி.

ராயபுரத்தில் என் மகள் ரோஷினி படிக்கும் பள்ளியில் எஸ்தர் மிஸ் என்று ஒரு நூலகர் இருக்கிறார். ஏழாம் வகுப்பு முழுப் பரீட்சை முடிந்த அன்று பிள்ளைகள் கையில் இரண்டு தாள் கொடுத்து அனுப்பினார். விடுமுறையில் படிக்க வேண்டிய புத்தகங்களின் பட்டியல். மஞ்சள் தாள் பத்திலிருந்து பதின்மூன்று வயதுக்காரர்களுக்கு. பிங்க் தாள் வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கு.

பெரியவர்களுக்குமா? ஆமாம், பெரியவர்களுக்கும்தான்.

மஞ்சள் தாளிலேயே மிஸ்ஸின் குசும்பு தெரிந்தது. ஒரு பேய்க் கதைக்கு எதிரே, ‘பகலில் ஆரம்பிக்கவும்’. ஒரு நகைச்சுவைக் கதைக்கு எதிரே, ‘சத்தமாகச் சிரிக்கலாம், இது வகுப்பறை இல்லை’. இரண்டு தோழிகள் சண்டை போட்டுப் பிரியும் கதைக்கு, ‘இப்போது யாரோடு டூ விட்டிருக்கிறாயோ, முடித்ததும் அவளிடம் கொடு’.

பிங்க் தாள் இன்னும் மோசம். எங்கள் ஏரியாவை வீடு வீடாக எட்டிப் பார்த்து எழுதியதுபோல் இருந்தது. ‘துறைமுக கேட்டில் டிரெய்லரோடு வரிசையில் நிற்பவர்களுக்கு: எந்தப் பக்கத்தில் விட்டாலும் குழப்பாத குட்டிக் கதைகள்.’ ‘எண்ணூரில் ஷிப்ட் முடித்து வருபவர்களுக்கு: படித்தால் நல்ல தூக்கம் வரும்.’ ‘குழம்பு கொதிக்கும் நேரத்தில்: மூன்று பக்கக் கட்டுரைகள்.’ கடைசியாக ஒரு தடி நாவல். அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம். அதற்கு எதிரே, ‘தடைக்காலத்தில் வலை தைப்பவர்களுக்கு. பிள்ளையைப் படிக்கச் சொல்லிக் கேட்கவும்.’

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு விளக்கம். ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் பாதி வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் குடும்பம் பெருக்கும் காலம். படகெல்லாம் கட்டிக் கிடக்கும். கடலுக்குப் போகிற அப்பாக்கள் எல்லாம் வீட்டில் உட்கார்ந்து கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருப்பார்கள். கைக்கு வேலை உண்டு, காது சும்மாதான் இருக்கும். அந்தச் சும்மா இருக்கும் காதுக்குத்தான் மிஸ் குறி வைத்திருந்தார்.

ஒவ்வொரு புத்தகத்துக்கும் பக்கத்தில் ‘ஏற்கெனவே படித்தது’ என்று ஒரு கட்டம். தாளின் அடியில் ஒரு வரி: ‘படித்த பெரியவர்களோடு பள்ளி திறக்கும் அன்று கொஞ்சம் பேச ஆசை.’

கொஞ்சம் பேச ஆசை... பார்த்தால் எவ்வளவு சாதுவான வாக்கியம்! மற்ற அப்பாக்கள் படித்துவிட்டுத் தாளை மடித்து வைத்துவிட்டார்கள். நான் மட்டும் மடித்த தாளைத் திரும்பத் திரும்பப் பிரித்துப் பார்த்தேன். ஏனென்றால் தடி நாவலின் கட்டத்தில் ரோஷினி பேனாவை அழுத்திப் பெரிதாக ஒரு டிக் போட்டிருந்தாள்.

எதற்கு என்று கேட்டேன்.

“நீதானப்பா சொன்ன? புக் ஃபேர்ல. காலேஜ்லயே முடிச்சிட்டேன்னு.”

சொன்னேன்தான். நாலு வருஷத்துக்கு முன்னால், அந்தப் புத்தகத்தின் முதுகைப் பார்த்துவிட்டுச் சொன்னேன். என்ன செய்வது? வாராவாரம் பத்திரிகையில் எழுதுகிறவன் எல்லாவற்றையும் படித்திருப்பான் என்று வீட்டில் எதிர்பார்க்கிறார்கள். எதிர்பார்க்கிறவர்களை ஏமாற்றக் கூடாதே என்றுதான் ஏமாற்றினேன்.

இந்த வியாதிக்கு வயது நாற்பதைத் தொடும்.

நான் படித்த பள்ளியில் நூலகம் என்றால் ஒரு கண்ணாடி பீரோ. சாவி பி.டி. மாஸ்டரிடம். விசிலும் சாவியும் ஒரே கயிற்றில் அவர் கழுத்தில் தொங்கும். விசிலை ஊதிப் பார்த்திருக்கிறேன், பீரோவைத் திறந்து பார்த்ததில்லை. லைப்ரரி பீரியடில் பீரோ முன்னால் வரிசையாக உட்கார்ந்து கண்ணாடி வழியாகத் தலைப்புகளைப் படிப்போம். அப்போதெல்லாம் துறைமுகத்திலிருந்து நிலக்கரித் தூசி வந்து எல்லாவற்றின் மேலும் படியும். உள்ளங்கையால் கண்ணாடியைத் துடைத்தால் இன்னும் இரண்டு தலைப்பு தெரியும். கருத்த கையைச் சட்டையில் துடைத்துவிட்டு வீட்டில் அடி வாங்குவோம். அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் என்னென்ன இருக்கிறதோ என்று ஏங்கியதுபோல், கையில் கிடைத்த எந்தப் புத்தகத்துக்கும் நான் பிற்பாடு ஏங்கியதில்லை.

நான் ஒரு வேலை செய்வேன். பீரோவை மாஸ்டர் சனிக்கிழமைகளில் எனக்கு மட்டும் திறந்துவிடுகிறார் என்று பசங்களிடம் சொல்லி வைத்திருந்தேன். முதுகில் ‘சுறா’ என்று ஒரு சொல் தெரிந்தால் போதும். சுறா, அதைக் குட்டியிலிருந்து வளர்த்த பையன், வழி தெரியாமல் நம் துறைமுகத்துக்கே வந்துவிட்ட கப்பல்... ஒரு வாரம் ஓட்டுவேன். கூலி, மிளகாய்த்தூள் தடவிய மாங்காய்த் துண்டு. என் முதல் வாசகன் பக்கத்துப் பெஞ்சு செல்வம். “புக்ல அப்டியா போட்டுகீது?” என்று கண்ணை விரிப்பான். பின்னே என்ன, என்பேன்.

அதே செல்வம் இன்று விசைப்படகு டிரைவர். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு சந்து தள்ளி இருக்கிறான். அவன் மகள் தேவி, ரோஷினியின் வகுப்புத் தோழி. பள்ளியில் அந்தத் தடி நாவலுக்கு இருந்தது ஒரே ஒரு பிரதி. அதை வாங்கிக்கொண்டு போனவள் யார் என்கிறீர்கள்? தேவிதான்.

கடைகளில் விசாரித்தேன். அச்சில் இல்லை என்றார்கள். போனில் தேடினேன். அட்டைப்படம் மட்டும் கிடைத்தது. கடைசியில் எந்தப் புத்தகத்துக்கும் பொருந்தும் மூன்று வாக்கியங்களைத் தயார் செய்தேன். ‘நடை நன்றாக இருந்தது.’ ‘நடுப்பகுதியில் கொஞ்சம் இழுவை.’ ‘முடிவை நான் எதிர்பார்க்கவில்லை.’ குளியலறைக் கண்ணாடி முன்னால் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். உள்ளே யார் என்று மனைவி வெளியிலிருந்து கேட்டாள்.

படிக்காத புத்தகத்தைப் பற்றி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம். யாராவது இரண்டாவது கேள்வி கேட்டால்தான் ஆபத்து. எஸ்தர் மிஸ்ஸைப் பார்த்தால் இரண்டாவது கேள்வி கேட்கிறவர் மாதிரியே இருப்பார்.

மே மாதம் பாதியில் பொறுக்க முடியாமல் வாக்கிங் கிளம்பினேன். சாயங்காலம் நாலு மணிக்கு, கொளுத்தும் வெயிலில், செல்வம் வீட்டு வழியாக.

வாசலில் தார்ப்பாய் நிழல். செல்வம் வலையின் ஒரு முனையைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தான். மீன் கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து தேவி படித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் என் மகள். இந்த வெயிலில் இன்னா வாக்கிங்கு என்றான் செல்வம். நல்ல புத்தகத்தை இரண்டாம் முறை கேட்டால் தனி சுகம் என்று சொல்லிவிட்டு நானும் உட்கார்ந்தேன். கூச்சமே இல்லை எனக்கு.

கதை இதுதான். ஒரு கலங்கரை விளக்கத்தில் வேலை பார்க்கும் மனிதர். அவருடைய மகள் கோபித்துக்கொண்டு ஒரு படகில் ஏறிப் போய்விடுகிறாள். அவர் விளக்கைப் போட்டுக்கொண்டு காத்திருக்கிறார். வருஷக்கணக்காக.

நான் தவறவிட்ட முந்நூறு பக்கத்தையும் செல்வமே மூன்று நாளில் சொல்லி முடித்தான். நான் கேட்கவில்லை. அவனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நடுநடுவே எழுத்தாளருக்கு அடி விழும். “இத்த எய்துனவன் கடலுக்குப் போனதே இல்ல மாமு. அந்தக் காத்துல எவனாவது போட்டை எடுப்பானா?” அதுவொரு குறைதான் என்று நான் பெரிய மனுஷத்தனமாகத் தலையாட்டுவேன்.

பத்து நாளில் தேர்வு பயம்கூடப் பின்னுக்குப் போனது. மூன்றரை மணிக்கே கால் அந்தச் சந்துக்கு இழுத்தது. அந்த மனிதர் இன்று என்ன செய்வார், கடிதம் வருமா என்று காலையில் பல் தேய்க்கும்போதே யோசனை. புத்தகத்துக்காக இப்படித் தவித்துப் பல வருஷம் ஆகிவிட்டது.

வெயிலுக்காகப் பள்ளி திறப்பைத் தள்ளி வைத்தார்கள். அப்படியும் பக்கம் தீரவில்லை. பள்ளி திறப்பதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, இன்னும் தொண்ணூறு பக்கம் பாக்கி. தேவிக்குத் தொண்டை கட்டிவிட்டது. மறுநாள் புத்தகத்தைத் திருப்பித் தர வேண்டும். அந்த வாரமே தடைக்காலமும் முடிகிறது.

செல்வம் ஊசியைக் கீழே வைத்தான்.

“மாமு, நாளைக்கி புக்கு பூடும். நான் கடலுக்குப் போனா திரும்பி வர பத்து நாள் ஆவும். நீதான் முழுசா படிச்சிகீறியே... அந்தப் பொண்ணு திரும்பி வருதா, இல்லியா? அத்த மட்டும் சொல்லிடு.”

ரோஷினி என்னைத் திரும்பிப் பார்த்தாள். எங்கப்பா சொல்வார் பாரு, என்கிற முகம். 

எனக்கு முடிவு கட்ட அரை நிமிஷம் போதும். பழைய தொழில்தானே? சொல்லப்போனால் கட்டியே விட்டேன். மூடுபனி, ஒரு படகு, அதில் நரை விழுந்த ஒரு பெண். நன்றாகவே இருந்தது. ஆனால் செல்வம் அதைக் கூடவே கடலுக்கு எடுத்துப்போவான். பத்து நாள் அதையே நினைத்துக்கொண்டிருப்பான். அவன் அந்த மனிதரோடு நாற்பது நாளுக்கு மேல் உட்கார்ந்து காத்திருந்தவன்.

“தெரியாதுடா” என்றேன்.

“மறந்துட்டியா?”

“படிச்சதே இல்ல.”

தேவி புத்தகத்தை மூடினாள். நான் ரோஷினியின் பக்கம் திரும்பவில்லை.

“அப்ப... ஸ்கூல்ல சொன்னியே, அந்த சுறா கதை?”

“அதுவும் நான் வுட்டதுதான்.”

“மாஸ்டர் சனிக்கிழம பீரோ தெறந்தாருன்னியே?”

“தெறக்கவே இல்ல.”

செல்வம் ஊசியை எடுத்தான். நிதானமாக நாலு முடிச்சுப் போட்டான்.

“அது இத்தவிட நல்லா இருந்துச்சி மாமு” என்றான்.

ரோஷினி செருப்பை மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் பள்ளி நூலகத்தில் பத்துப் பன்னிரண்டு பெற்றோர் இருந்தோம். பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தோம். எஸ்தர் மிஸ் ஆளுக்கொரு துண்டுத் தாள் கொடுத்தார். நீங்கள் படித்த புத்தகத்தை யாருக்குச் சிபாரிசு செய்வீர்கள், ஒரு வரி எழுதுங்கள் என்றார். பிங்க் தாளில் இருந்த வரிகள் எல்லாம் போன வருஷம் இதே பெஞ்சில் உட்கார்ந்து பெற்றோர் எழுதியவையாம். டிரெய்லர் வரிசையை எழுதியவர் ஒரு டிரெய்லர் டிரைவர். ‘நல்ல தூக்கம் வரும்’ என்று எழுதிய எண்ணூர்க்காரர் அதை மனமாரப் பாராட்டாகவே எழுதியிருக்கிறார்.

தேர்வு அவ்வளவுதான்.

என் முறை வந்தது. மிஸ், இதை நான் படிக்கவில்லை, டிக் தப்பு, என்றேன். அப்படியானால் எடுத்துட்டுப் போங்க சார் என்றார். தேவி திருப்பிக் கொடுத்த புத்தகத்தில் தேதி முத்திரை குத்தி என் கையில் வைத்தார். பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கும் நேரம்கூட ஆகவில்லை. இதற்காகவா ஒரு மாதம் குளியலறையில் பேசினேன்?

மீதித் தொண்ணூறு பக்கத்தை ரோஷினியும் தேவியும் மாற்றி மாற்றிப் படித்து, போனில் பதிவு செய்து, செல்வம் கிளம்புவதற்கு முன் அவனுக்கு அனுப்பிவிட்டார்கள். நடுநடுவே என் இருமலும் கேட்கும். அந்தப் பெண் திரும்பி வந்தாளா என்று நான் சொல்ல மாட்டேன். படித்தவன் திமிர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இதெல்லாம் பிறகு. பள்ளி திறந்த அன்று சாயங்காலம் ரோஷினியை ஸ்கூட்டரில் அழைத்து வந்தேன். கல்மண்டபம் சிக்னலில் நின்றபோது முதுகுக்குப் பின்னால் இருந்து கேட்டாள்.

“படிச்சிட்டேன்னு இதுவரைக்கும் எங்கிட்ட பதினோரு புக் சொல்லியிருக்க. அதுல எத்தன நெஜம்?”

“நாலு.”

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். வீட்டுக்கு வந்து வண்டியை நிறுத்தினேன். இறங்கி, பையை மாட்டிக்கொண்டு, எந்த நாலு என்று கேட்டாள்.

சொன்னேன். அதில் ஒன்றை எடுத்து ஆரம்பித்திருக்கிறாள். நேற்று முப்பத்தெட்டாம் பக்கத்தில் இருந்தாள்.