பேரம் பேசாத டிரைவர்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. அப்போது நான் தண்டையார்பேட்டையில் ஒரு தகரக் கொட்டகையில் கார் ஒடுக்கு எடுக்கும் பட்டறை வைத்திருந்தேன். பட்டணத்தில் காரே குறைவு. அதில் அடிபட்ட கார் இன்னும் குறைவு. அதனால் வருகிற ஒவ்வொரு வண்டியையும் கறந்துவிடுவது என்று தீர்மானமாக இருந்தேன்.

விலை சொல்வதில் நான் கெட்டிக்காரன் என்று எனக்கு நினைப்பு. ஒடுக்கைப் பார்க்கும் முன் வந்தவரைப் பார்ப்பேன். எட்டு ரூபாய் வேலைக்குப் பதினைந்து கேட்பேன், அவர்கள் இழுப்பார்கள், பத்தில் முடியும். காரைக் கொண்டுவருவது பெரும்பாலும் டிரைவர்தான். முதலாளி தரும் கூலியில் அவருக்கு ஒரு ரூபாய் மாமூல் ஒதுக்க வேண்டும். இன்னொரு வழக்கமும் உண்டு. ஒடுக்கு எப்படி விழுந்தது என்று நாங்கள் கேட்பதில்லை. கேட்டாலும் எல்லோரும் மாட்டின் மேல்தான் பழி போடுவார்கள்.

அன்று காலை எட்டு மணிக்கு ஒரு பெரிய கறுப்புக் கார் வந்தது. டிரைவர் மட்டும்தான் இருந்தார். முன்பக்கத்து இடது மட்கார்டு நன்றாக உள்ளே போயிருந்தது. வண்டியின் பளபளப்பைப் பார்த்துக் கூசாமல் இருபது ரூபாய் என்றேன்.

"சரி நைனா. சீக்கிரம் முட்சி குடு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இழுக்கவே இல்லையே! முப்பது கேட்டிருக்கலாமே என்று வயிறு எரிந்தது. உடனே குனிந்து பார்ப்பதுபோல் பார்த்து, விளக்குத் தண்டு வளைந்திருக்கிறது, அதற்கு ஐந்து என்றேன். சரி என்றார். பெயின்டுக்குத் தனியாக ஐந்து. அதற்கும் சரி. மாமூல் பேச்சையே அவர் எடுக்கவில்லை. மாமூல் கேட்காத டிரைவரை நான் அதுவரை பார்த்ததில்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். எனக்கோ, அந்த ஒரு ரூபாயும் நமக்கே என்று குஷி.

மட்கார்டைக் கழற்றி, பின்னால் இரும்புக் கட்டையைக் கொடுத்து, மரச் சுத்தியால் தட்ட ஆரம்பித்தேன். டிரைவர் வாசலில் குந்திக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மோர் வாங்கிக் கொடுத்தேன், தொடவில்லை. பதினொரு மணிக்கு ஒடுக்கு போன இடம் தெரியவில்லை. கண்ணை மூடித் தடவினால்கூடக் கை கண்டுபிடிக்காது. அவ்வளவு சுத்தமான வேலை.

பெயின்ட் அடிக்கும் முன் உள்பக்கத்துச் சேற்றைத் துடைக்கத் திருப்பினேன். விளிம்பு மடிப்பில் ஏதோ சிக்கியிருந்தது. இழுத்தேன். மீன் கூடையின் ஓலைத் துண்டு. அதில் செதில்கள் ஒட்டியிருந்தன. கூடவே பாதி உடைந்த பச்சைக் கண்ணாடி வளையல்.

இரண்டையும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் டிரைவர் முன்னால் நீட்டினேன்.

"இன்னாப்பா இது?" என்று கேட்டேன்.

அவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். விடிகாலையில் எர்ணாவூர் அருகே கூடையோடு வந்த ஒரு பெண் மேல் வண்டி மோதிவிட்டது. பின்னால் இருந்த முதலாளி, நிறுத்தாதே என்று கத்தினாராம். அவரைத் துறைமுகத்து ஆபீசில் இறக்கியதும், எவ்வளவு கேட்டாலும் கொடுத்துச் சாயங்காலத்துக்குள் சரிசெய்துவிடு என்று பணத்தைத் திணித்தாராம்.

"அந்தப் பொம்பள உசுரோட கீதா?"

"திரும்பிப் பாத்தேன் நைனா... அசைஞ்சுகினு இருந்திச்சு."

மட்கார்டை மாட்டக்கூட நிற்கவில்லை. அவரை இழுத்து வண்டியில் உட்காரவைத்து, நானும் ஏறினேன். எர்ணாவூரில் ஒரு பூவரச மரத்தடியில் நாலைந்து உப்பளத்து ஆட்கள் நின்றிருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக மாட்டு வண்டிக்குச் சொல்லியனுப்பியும் அது வரவே இல்லை. நடுவில் அந்தப் பெண் கிடந்தாள். முப்பது வயதிருக்கும். முழங்காலுக்குக் கீழே பார்க்க முடியவில்லை. ஆனால் நினைவு இருந்தது.

அவளைப் பின்சீட்டில் கிடத்தி, தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். தன்னை இடித்தது இதே வண்டிதான் என்று அவளுக்குத் தெரியவில்லை. திருவொற்றியூர் தாண்டும்போது இடுப்பு முடிச்சைத் தடவிப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"வண்டிக்கு எவ்ளோ நைனா? எங்கைல ரெண்டணா தான் கீது. கொறச்சு வாங்கிக்கோ."

நான் மனிதனாக இருக்கவே வெட்கப்பட்ட நேரம் அது. எந்த விலையையும் கூசாமல் சொல்லும் நான், அவள் முடிச்சை அவிழ்க்கவிடாமல் கையைப் பிடித்துக்கொண்டேன். முன்னால் டிரைவர் அழுதுகொண்டே ஓட்டினார்.

உயிர் பிழைத்தாள். காலை எடுத்துவிட்டார்கள். மூன்று மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் ஒருவேளை காலைக் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அந்த மூன்று மணி நேரமும் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று அவருக்குத் தெரியாது. டிரைவர் அன்றே ஸ்டேஷனுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். நானும் போய் வளையல் துண்டைக் கொடுத்தேன்.

அதன் பிறகும் பல வருஷம் ஒடுக்கு எடுத்தேன். ஆனால் யார் வந்தாலும், இது எப்படி ஆச்சு, யாருக்காவது அடிபட்டதா என்று முதலில் கேட்டுவிடுவேன். கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு, போகட்டும். அன்று காலையில் அந்த ஒரு கேள்வியை நான் கேட்டிருந்தால், அவள் இன்றைக்கும் கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்துகொண்டிருப்பாள்.