அம்மா பார்த்த கை

அம்மா கிரேன் ஓட்டினாள். கான்கிரீட் உத்தரங்களை வார்த்து லாரியில் ஏற்றும் பட்டறை அது. காலையில் ஏணி ஏறிக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவாள். பட்டறையில் அவளுக்கு 'மேலிடம்' என்று பெயர். "மேலிடத்துல கேட்டுக்கோ" என்றால் அம்மாவைக் கேள் என்று பொருள். மேலாளரே அப்படித்தான் சொல்வார்.

கூட்டிப் பெருக்கத்தான் அங்கே சேர்ந்தாள். அப்பா இறந்த பிறகு கிரேன் பழகி உரிமம் வாங்கினாள். அந்தச் சம்பளத்தில் நான் பொறியியல் படித்தேன். பளு தூக்கும் கருவிகளைச் சோதித்துச் சான்று கொடுப்பது என் வேலை. வீட்டில் இரண்டு பேரும் சுமையைப் பற்றித்தான் பேசுவோம். வேதம் வாசித்தாலும் பேச்சு அங்கேதான் போகும்.

எங்கள் பங்குக் குருவுக்கு மூன்று கோயில்கள். உயிர்ப்பு ஞாயிறான ஈஸ்டரன்று எங்கள் சிற்றாலயத்துக்கு அவர் வர மதியமாகிவிடும். அதனால் விடியலில் நாங்களே கூடுவோம். ஒருவர் நற்செய்தியை வாசித்து அதைப் பற்றிக் கொஞ்சம் பேசுவார். அப்பா இறந்த வருடத்திலிருந்து அந்த ஒருவர் அம்மாதான்.

மூன்று பெண்கள் இயேசுவின் கல்லறைக்குப் போகும் பகுதி அவளுக்குப் பிடிக்கும். உடலில் பூச வாசனைப் பொருள்களை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். நடக்கும்போதுதான், வாசலில் இருக்கிற கல்லை யார் புரட்டுவது என்று கேட்டுக்கொள்கிறார்கள்.

"லோடு எவ்வளவுன்னு பாக்காமலா கிளம்புவாங்க?" என்று ஒருமுறை சீண்டினேன்.

"நீயா இருந்தா கணக்குப் போட்டுட்டு வீட்டிலேயே உக்காந்திருப்ப. இவளுங்க போனாளுங்க. போனதாலதான் அவர் உயிர்த்துட்டார்ங்கிற சேதி கிடைச்சுது."

"கல்லு நகராம இருந்திருந்தா?"

"திரும்பி வந்திருப்பாளுங்க. கால் வலிச்சிருக்கும். குடியா முழுகிடும்?"

அவர்கள் போனபோது கல் புரண்டு கிடந்தது. கல்லறைக்குள் வெள்ளை உடையில் உட்கார்ந்திருந்த இளைஞனை அவள் சிக்னல்காரன் என்பாள். உத்தரத்தைச் சுவருக்கு அந்தப் பக்கம் இறக்கும்போது கூண்டில் இருப்பவருக்குச் சுமை தெரியாது. சுவரோரம் நிற்கும் சிக்னல்காரரின் கையைப் பார்த்துத்தான் இறக்க வேண்டும். "அவன் இயேசுவைக் காட்டல பாரு. இங்க இல்ல, முன்னால போயிட்டார், கலிலேயாவுக்குப் போங்கன்னு சொல்றான். திசையைத்தான் காட்டுறான். ஓட்டுறவளுக்கு அது போதும்டீ."

இந்த வருடம் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் அம்மா போய்விட்டாள். மாரடைப்பு. நான் வந்து பார்த்தபோது பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்திருந்தது.

கோயில் காரியங்களைக் கவனிக்கும் உபதேசியார் வீட்டுக்கு வந்தார். "இந்தத் தடவை நீ பேசும்மா" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். முடியாது என்றுதான் மனதில் இருந்தது. அம்மாவின் குழியில் என் கையால் மண் போட்டிருந்தேன். அந்தக் கையோடு நின்று, அவர் உயிர்த்தார் என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். சோதிக்காத கொக்கிக்கு நான் இதுவரை கையெழுத்துப் போட்டதில்லை.

அம்மாவின் பொருள்களை எடுத்துவரப் பட்டறைக்குப் போனேன். அவளோடு கடைசிவரை வேலை பார்த்த சிக்னல்காரர் ஹெல்மெட்டையும் சாப்பாட்டு டப்பாவையும் துடைத்து வைத்திருந்தார்.

"என்ன இன்ஜினியரம்மா, ஞாயிற்றுக்கிழமை பேச யோசிக்கிறியாமே? உபதேசியார் சொன்னார்."

"கல்லுக்கு அந்தப் பக்கம் எனக்கு ஒண்ணும் தெரியல மாமா."

"மேலிடத்துக்கு மட்டும் என்ன தெரிஞ்சுது? இத்தனை வருஷமா என் மூஞ்சிதான். பாவம்."

"அம்மா பயந்ததே இல்லையா?"

"பயப்படாம? முதல் தடவை உத்தரத்தை இறக்கிட்டு ஏணியில தடதடன்னு இறங்கி ஓடி வந்தா. சுவருக்குப் பின்னால எட்டிப் பாத்தா. 'அட, சரியா உக்காந்திருக்கே!'ன்னா. 'பின்ன, பறந்தா போகும்?'னேன். என்னை ஒரு முறை முறைச்சா பாரு! அதுக்கப்புறம் இறங்கிப் பாக்கவே இல்ல. என் கையைப் பாத்தே ஓட்டினா."

வீடு திரும்பும் வழியில் ஹெல்மெட் மடியில் இருந்தது. கல்லறைக்குள் நான் போய்ப் பார்த்ததில்லை. அம்மாவைப் பார்த்திருக்கிறேன். அப்பாவைப் புதைத்த கையோடு அவள் எழுந்து நின்று அந்தச் சேதியை வாசித்தாள். பிறகு அதன் மேல் முழுப் பாரத்தையும் வைத்து வாழ்ந்தாள். அது தாங்கியது. அதற்கு நானே சாட்சி. உபதேசியாருக்குப் போன் செய்து சரி என்றேன்.

ஞாயிறு விடியலில் வாசிக்க மேடையேறி நின்றேன். கல்லை யார் புரட்டுவது என்ற வரியை இரண்டு முறை வாசித்தேன். அதற்கு மேல் குரல் வரவில்லை. எழுத்து மங்கியது. யாரோ செருமினார்கள்.

கடைசி வரிசையில் சிக்னல்காரர் எழுந்தார். ஒரு கையின் விரலை மேலே நீட்டி வட்டம் போட்டார். இன்னொரு உள்ளங்கையை அதன் மேல் அசையாமல் பிடித்தார். கிரேன் சைகையில் மெல்லத் தூக்கு என்று அர்த்தம். பக்கத்தில் இருந்தவர் ஒற்றை விரலைத் தப்பாகப் புரிந்துகொண்டு, ஒன்றுக்குப் போக அவருக்கு அவசரமாக வெளிக்கதவைக் காட்டினார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு குரலும் வந்தது. கடைசிவரை வாசித்தேன். பிறகு சொன்னேன்:

"கல்லுக்கு அந்தப் பக்கம் நான் பாத்ததில்ல. எங்கம்மாவும் பாக்கல. ஆனா திசை தெரிஞ்சு ஓட்டினாங்க. ஆண்டவர் உயிர்த்தார். எங்கம்மாவும் எழுந்திருப்பாங்க. இதுக்கு நான் கையெழுத்துப் போடுறேன்."

சிக்னல்காரர் அப்போதுதான் கையை இறக்கினார். அதைப் பார்த்த பிறகு நானும் இறங்கினேன்.