சேசிஸ் எண்ணின் மேல் வைத்த பொட்டு

அப்பாவின் பழைய மோட்டார் சைக்கிளுக்கு மறுபதிவு வாங்கப் போன அன்று அம்மாவை நான் கூட்டிக்கொண்டு போயிருக்கக் கூடாது. "பாஸாயிட்டா அங்கனயிருந்தே அதுல ஏறி ஆமத்தூர் போயிருவோம் தாயி" என்று அவளாகவே கிளம்பிவிட்டாள். ஆமத்தூர் அவள் பிறந்த ஊர். கல்யாணமாகி அந்த வண்டியின் பின்சீட்டில்தான் சிவகாசிக்கு வந்தாள். இன்னொரு தடவை அதிலேயே போய் ஊருக்குள் இறங்க வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

அப்பா நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். சீசன் வேலை கழுத்தை நெரித்தாலும் ஆயுத பூஜையன்று வண்டியைக் கழுவி, ஹேண்டில்பாருக்குக் கீழே எலுமிச்சம்பழம் தேய்த்து, சந்தனமும் குங்குமமும் வைப்பார். மறுநாளே எண்ணெய்த் துணியால் துடைத்துவிடுவார்.

அவர் போன பிறகு வந்த பூஜைக்கு அம்மாவே குங்குமச் சிமிழை எடுத்தாள். "தாலியறுத்தவ குங்குமத்தத் தொடலாமா?" என்று அத்தை முகத்தைச் சுளித்தாள். "என் புருசன் வண்டிக்கு நான் வைக்காம, ஒன் புருசனா வந்து வைப்பாரு?" என்றாள் அம்மா. எனக்கு அன்றைக்கு வாயெல்லாம் பல். அதற்குப் பிறகு வருசா வருசம் அவளே பழம் தேய்த்துப் பொட்டு வைத்தாள். துடைக்க மட்டும் அவளுக்கு மனசு வரவில்லை.

மெக்கானிக் இன்ஜின், பிரேக், விளக்கு எல்லாவற்றையும் சரிசெய்திருந்தார். அம்மா வைத்த பொட்டு என்பதால் அந்த இடத்தை மட்டும் மரியாதையாகத் தொடாமல் விட்டிருந்தார். ஆர்.டி.ஓ. ஆபீசில் எல்லாம் பார்த்து முடித்த இன்ஸ்பெக்டர், ஹேண்டில்பாருக்குக் கீழே இரும்புச் சட்டத்தில் பொறித்திருக்கும் சேசிஸ் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்க்கக் குனிந்தார். காய்ந்த சந்தனத்தைச் சுரண்டினார். துரு கொட்டியது. எண் இருந்த இடத்தில் வெறும் குழிகள்.

"பழம் தேய்ச்சு, பொட்டு வச்சு, துடைக்காம விட்டிருக்கீங்க. புளிப்பு இரும்ப அரிச்சிருச்சு" என்றார். கோபம்கூட இல்லை. "பழைய ஆர்.சி.யில நம்பர் இருக்கில்ல? மனு குடுங்க, திரும்பப் பொறிச்சுக்கலாம்."

அம்மா காதில் இரண்டாவது பேச்சு விழவேயில்லை. பொட்டு வைத்த தன் மோதிர விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒங்கத்த சொன்னது சரியாத்தான போச்சு" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எலுமிச்சம்பழத்துக்குத் தெரியுமாம்மா, தேய்ச்சவ தாலி கட்டியிருக்காளா இல்லையான்னு?" என்று அத்தனை பேர் நடுவில் கத்தினேன். வண்டியைக் காட்ட வந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அந்த விரலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

எண்ணைத் திரும்பப் பொறித்து, வண்டி பாஸாகி, புது ஆர்.சி. கைக்கு வந்தபோது அடுத்த ஆயுத பூஜையும் வந்துவிட்டது. அம்மா அரிவாள்மணைக்கும் கிரைண்டருக்கும் சந்தனம் வைத்தாள். குங்குமச் சிமிழை என் கையில் கொடுத்தாள். அவள் சந்தனம் வைத்த இடத்திலெல்லாம் நான் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தேன். வண்டிக்கும் நான்தான் வைத்தேன். மறுநாள் மறக்காமல் துடைத்தேன்.

பிறகு வண்டியை உதைத்துக் கிளப்பி, "ஏறும்மா, ஆமத்தூர் போவோம்" என்றேன்.

அவள் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு தள்ளியே நின்றாள்.

"அது அவுக வண்டி. என் கை பட வேண்டாம். நீ முன்னால போ தாயி, நான் பஸ்ஸுல வாரேன்."