கேட்காமல் போட்ட மதிப்பெண்

பி.எட். இரண்டாம் ஆண்டில் கற்பித்தல் பயிற்சிக்கு எனக்கு ஜவ்வாது மலையில் ஒரு பள்ளியை ஒதுக்கினார்கள். பிள்ளைகள் அங்கேயே தங்கிப் படிக்கும் பள்ளி. எங்கள் வீடு ஆலங்காயத்தில். காலையில் மலை ஏறும் முதல் பஸ்ஸைப் பிடித்து, ஜமுனாமரத்தூருக்கு முந்தைய ஒரு நிறுத்தத்தில் இறங்கி, சாமை வயல்களின் ஓரமாகக் கால் மணி நேரம் நடக்க வேண்டும். என்னோடு படித்தவர்கள் திருப்பத்தூரிலும் வாணியம்பாடியிலும் இடம் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். நான் கேட்கவில்லை. எதையும் கேட்டு வாங்குகிற பழக்கம் எனக்கு அப்போது இல்லை.

எனக்கு இருந்த பயம் பிள்ளைகளைப் பற்றியது அல்ல. கல்லூரியில் கல்வித் தொழில்நுட்பம் என்று ஒரு தாள் இருந்தது. அதற்காக ஒரு வருடம் முழுக்க ஸ்மார்ட் போர்டின் படத்தை வரைந்து பாகங்களைக் குறித்தோம். ஒருவரும் அதைத் தொட்டதில்லை. மலைப்பள்ளியில் ஆறாம் வகுப்பு அறையில் அது நிஜமாகவே சுவரில் இருந்தது. என் முதல் வகுப்பில் அதை எரிய வைக்கவே இருபது நிமிடம் ஆனது. நீலத் திரை வந்தது, பிறகு போனது. பிள்ளைகள் கைகட்டி உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த வகுப்பிலிருந்து தமிழாசிரியை வந்து, பின்னால் கழன்றிருந்த வயரைச் செருகிவிட்டுப் போனார். அன்று மாலை பஸ்ஸில் ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தேன்.

இரண்டாவது வாரம் கல்லூரியில் எங்கள் வழிகாட்டிப் பேராசிரியர் ஒரு செயலியைப் பற்றிச் சொன்னார். பிள்ளை போனைப் பார்த்து ஒரு பத்தியை வாசிக்க வேண்டும். சரியாக வாசித்த சொல் பச்சையாகும், தவறினால் சிவப்பாகும். கடைசியில் மதிப்பெண் வரும். வகுப்பு முழுவதையும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று வரிசையாகப் பிரித்து அதுவே அட்டவணை போட்டுத் தரும். பயிற்சிக்காக நாங்கள் எழுதித் தர வேண்டிய ரெக்கார்டில் இது இருந்தால் நன்றாக இருக்கும் என்றார். அன்றே இறக்கிக்கொண்டேன்.

பள்ளியில் சிக்னல் கிடைக்கும் இடம் ஒன்றுதான், அடிபம்புக்குப் பக்கத்தில் இருந்த புளியமரத்தடி. தமிழாசிரியையும் வருகைப்பதிவைப் போனில் ஏற்ற அங்கேதான் தினமும் வந்து நிற்பார். நான் பிள்ளைகளை ஒவ்வொருவராக அந்த மரத்தடிக்குக் கூட்டிப்போய் வாசிக்க வைத்தேன். அவர்களுக்கு அது விளையாட்டாக இருந்தது. சொல் பச்சையானதும் குதித்தார்கள். முடிவில் போனுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், “மிக நன்று” என்றோ “மீண்டும் முயற்சி செய்” என்றோ சொல்லும். இரண்டே நாளில் முப்பத்திரண்டு பேரையும் முடித்துவிட்டேன். அட்டவணையை ஜெராக்ஸ் கடையில் கலரில் எடுத்து வகுப்புச் சுவரில் ஒட்டினேன். பேராசிரியர் பார்வையிட வந்த நாளில் அதன் முன்னால் என்னை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார். ஒரு வேலையை உருப்படியாகச் செய்துவிட்டேன் என்று எனக்கு முதல்முறையாகத் தோன்றியது.

சிவப்பு வரிசையில் எட்டுப் பேர் இருந்தார்கள். அதில் கடைசிப் பெயர் ஒரு பெண்ணுடையது. மெலிந்த பிள்ளை, காதுக்கு மேலே ரிப்பனை இறுக்கிக் கட்டியிருப்பாள். நான் பள்ளிக்கு வந்த முதல் வாரம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் சின்ன வகுப்புப் பிள்ளைகளை உட்கார வைத்து ஒரு கதைப்புத்தகத்தை வாசித்துக் காட்டியதைப் பார்த்திருக்கிறேன். எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தி, நரி பேசும்போது குரலைத் தாழ்த்தி வாசித்தாள். நல்லா வாசிக்கிறதே என்று நினைத்துக்கொண்டே கடந்து போனேன். ஆனால் அட்டவணையில் அவள் பெயர் சிவப்பில் வந்தபோது, என் காதை நான் சந்தேகப்பட்டேன். புத்தகத்தை மனப்பாடம் செய்திருப்பாள் என்று முடிவு கட்டினேன்.

அவள் மட்டும் வந்து கேட்டாள்.

“இன்னா மிஸ், நான் சரியாத்தான படிச்சேன்?”

“மெஷின் பொய் சொல்லாதும்மா. நீ இன்னும் நல்லா முயற்சி பண்ணு” என்றேன்.

அந்த வாக்கியத்தை எவ்வளவு அன்பாகச் சொன்னேன் என்பது இன்னும் ஞாபகம் இருக்கிறது. தோளில் கை வைத்துச் சொன்னேன்.

சிவப்பு வரிசைப் பிள்ளைகளைப் பின்பக்கம் தனியாக உட்கார வைத்து எழுத்து அட்டைகளைக் கொடுத்தேன். மற்றவர்கள் ஸ்மார்ட் போர்டில் கதை பார்த்தார்கள். வாரம் ஒருமுறை மரத்தடியில் மறுபடியும் வாசிப்பு. இரண்டாவது முறை அவள் வேறு மாதிரி வாசித்தாள். ஒவ்வொரு சொல்லாக, அழுத்தி, நடுவில் மூச்சு விட்டு, போனுக்குள் இருக்கும் அந்தப் பெண்ணின் குரலைப் போல. இரண்டு மதிப்பெண் கூடியது. பாராட்டினேன். மூன்றாவது முறை பாதியில் நிறுத்திவிட்டாள். நான்காவது முறை மரத்தடிக்கு வந்து நின்றாள். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. “மீண்டும் முயற்சி செய்” என்றது போன்.

அந்தப் பிள்ளைக்கு என்ன ஆனது என்று தமிழாசிரியை என்னிடம் கேட்டார். வகுப்பில் எழுப்பிவிட்டால் நின்றுகொண்டே இருக்கிறாளாம். வாசிப்பில் பின்தங்கியிருக்கிறாள், தனியாகப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று அட்டவணையைக் காட்டினேன். அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அன்று அவர் இரண்டு வகுப்புகளைச் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குமேல் பேச நேரம் இல்லை.

சனி, ஞாயிறுகளில் பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய் வருவார்கள். ஒரு திங்கட்கிழமை நான் பள்ளிக்குள் நுழைந்தபோது அவளும் அவள் அம்மாவும் வாசலில் நின்றிருந்தார்கள். மகளின் பையை அந்த அம்மா தோளில் மாட்டியிருந்தார். அவள் உள்ளே வர மறுத்து, வாசல் கதவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ரெண்டு வாரமா வூட்டுக்கு வந்தா புஸ்தகத்தத் தொடவே மாட்டேங்குது டீச்சரம்மா” என்றார் அந்த அம்மா. “இன்னான்னு கேட்டா, எனக்குப் படிப்பு வரலயாம், போனே சொல்லிட்ச்சு, உன்கூடவே காட்டு வேலைக்கு வர்றேன்னு சொல்லுது. நெசமாங்களா? போன் சொல்லிச்சுங்களா?”

அவர் கோபமாகக் கேட்கவில்லை. உண்மை என்றால் தெரிந்துகொண்டு போகலாம் என்பதுபோல் கேட்டார். அப்படியெல்லாம் இல்லை, நன்றாகத்தான் படிக்கிறாள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஏதோ சொன்னேன். அவர் பையை மகளிடம் கொடுத்துவிட்டுத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார். அன்று முழுவதும் எனக்குப் பாடம் ஓடவில்லை.

மாலை வீட்டுக்கு வந்ததும் போனை எடுத்து அதே பத்தியை நானே வாசித்துப் பார்த்தேன். முதலில் வானொலிச் செய்தி மாதிரி வாசித்தேன், எல்லாம் பச்சை. பிறகு நான் அம்மாவிடம் பேசுகிற மாதிரியே, எங்கள் பக்கத்து உச்சரிப்பில் வாசித்தேன். மளமளவென்று சிவப்பு விழுந்தது. பத்தியில் மழை, பழம், வழி, வாழை என்று ழகரம் வந்துகொண்டே இருந்தது. எங்கள் பக்கத்தில் பலருக்கும் அது ‘ய’ ஆகத்தான் வரும். மழை என்பதை மய என்றதும் சிவப்பு. பழம் என்பதைப் பயம் என்றதும் சிவப்பு. நான் படித்துப் படித்துத் திருத்திக்கொண்டவள். அவள் பதினொரு வயதுப் பிள்ளை. மலையில் அவர்கள் வாக்கியத்தின் முடிவை இழுத்துப் பேசுவார்கள். அந்த இழுப்பையும் இயந்திரம் தடுமாற்றம் என்று எடுத்துக்கொண்டிருந்தது.

ஒவ்வொரு வாசிப்பையும் செயலி சேமித்து வைத்திருந்தது. முப்பத்திரண்டு பிள்ளைகளின் குரலும் பல வாரங்களாக என் போனில்தான் இருந்தது. ஒன்றைக்கூட நான் போட்டுக் கேட்டதில்லை. மரத்தடியில் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தபோதும் என் கண் நிறத்தின் மேல்தான் இருந்தது.

அவளுடைய முதல் வாசிப்பைப் போட்டேன். பின்னால் அடிபம்பின் சத்தம். அதற்கு மேலே அவள் குரல். மழை வந்துவிடுமோ என்று பத்தியில் ஒருத்தி கேட்கும் இடத்தில் குரலில் நிஜமாகவே ஒரு கலக்கம் இருந்தது. கேள்வி கேள்வியாக இருந்தது, பதில் பதிலாக இருந்தது. பச்சை வரிசையில் முதலில் இருந்த பையனுடையதையும் கேட்டேன். ஒரு தவறும் இல்லை. என்ன வாசிக்கிறோம் என்று அவனுக்குத் தெரிந்த மாதிரியும் இல்லை. அம்மா சாப்பிடக் கூப்பிட்ட பிறகும் அடுத்த பிள்ளையின் குரலைப் போட்டேன்.

மறுநாள் பேராசிரியருக்குப் போன் செய்து சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

“இப்பப் போயி இதைக் கிளறாதம்மா. ரெக்கார்டுல கையெழுத்து ஆயிட்டுது. வேணும்னா கடைசிப் பக்கத்துல குறைபாடுகள்னு தலைப்புப் போட்டு ரெண்டு வரி எழுதிடு” என்றார்.

எழுதினேன். இரண்டு வரியாகத்தான் வந்தது.

பிறகு வகுப்பில் சுவரிலிருந்த அட்டவணையைக் கழற்றினேன். இந்த மதிப்பெண் தப்பு, நீங்கள் பேசுவது இதற்குப் புரியவில்லை, அது உங்கள் குற்றம் இல்லை, கேட்காமல் நம்பியது என் குற்றம் என்று சொன்னேன். பிள்ளைகள் சந்தோஷப்படுவார்கள் என்று எதிர்பார்த்திருந்தேன். பச்சை வரிசையில் இருந்த ஒருத்தி எழுந்து, “அப்ப எங்களுதும் தப்பா மிஸ்?” என்று கேட்டாள். அதையும் நான் மறுபடி கேட்டுத்தான் சொல்ல வேண்டும் என்றேன். அவள் முகம் சுருங்கிப் போனது. பின்வரிசையில் அந்தப் பிள்ளை குனிந்து ரிப்பன் நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவள் வாசித்ததை ஸ்மார்ட் போர்டில் எல்லோருக்கும் போட்டுக் காட்டலாம் என்று எனக்கு ஒரு ஆசை. அவள் எவ்வளவு நன்றாக வாசித்தாள் என்று வகுப்பே கேட்கட்டும் என்று நினைத்தேன். இந்த முறை அவளிடம் முதலில் கேட்டேன்.

“வேணாம் மிஸ்” என்றாள்.

வற்புறுத்தவில்லை. நீ மட்டும் கேட்கிறாயா என்றேன். கொஞ்சம் யோசித்துத் தலையாட்டினாள். மதிய இடைவேளையில் வகுப்பறையில் வேறு யாரும் இல்லாதபோது இயர்போனை அவள் காதில் வைத்தேன். அசையாமல் கேட்டாள். முடிந்ததும் மறுபடி போடச் சொன்னாள். இரண்டாவது முறையும் கேட்டுவிட்டு இயர்போனைக் கழற்றி, வயரைச் சுற்றி என் கையில் கொடுத்தாள்.

“நல்லாத்தான மிஸ் படிச்சிருக்கேன்” என்றாள்.

“ரொம்ப நல்லாப் படிச்சிருக்க. நான்தான் கேக்காம உட்டுட்டேன்” என்றேன்.

அப்புறம் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு வரிசைக்குப் போய்விட்டாள்.

அதன் பிறகு நான் அங்கே இருந்த ஐந்து வாரமும் அவள் வகுப்பில் வாய்விட்டு வாசிக்கவில்லை. எழுத்து வேலையெல்லாம் சரியாகச் செய்தாள். சின்னப் பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்டுவதையும் நிறுத்தியிருந்தாள். அவர்கள் வேறு விளையாட்டுக்குப் போயிருந்தார்கள். என் செய்முறைத் தேர்வில் செயலி இல்லாமலே பாடம் எடுத்தேன். ஸ்மார்ட் போர்டில் ஒரே ஒரு படத்தைப் போட்டு, அதைப் பற்றிப் பிள்ளைகளைப் பேசச் சொன்னேன். ஏன் அந்தச் செயலியைத் தொடரவில்லை என்று தேர்வாளர் கேட்டார். நடந்ததைச் சொன்னேன். நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு எதையோ குறித்துக்கொண்டார். மதிப்பெண் தேர்ச்சிக்குக் குறைவில்லாமல் வந்தது.

இப்போது ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டே, ஆலங்காயத்தில் ஒரு தனியார் பள்ளியில் தற்காலிகமாக வேலை பார்க்கிறேன். அங்கேயும் திரை இருக்கிறது, செயலிகள் இருக்கின்றன. அவற்றை எல்லோரையும்விட வேகமாக இயக்கத் தெரிந்தவள் என்று எனக்குப் பெயர். ஒரு மதிப்பெண்ணை ஏட்டில் ஏற்றும் முன் அந்தப் பிள்ளையை என் முன்னால் உட்கார வைத்து ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்கிறேன். வேலை தாமதமாகிறது என்று மற்றவர்கள் முணுமுணுக்கிறார்கள்.

போன மாதம் மலைப்பள்ளித் தமிழாசிரியை ஏதோ ஒரு சான்றிதழ் விஷயமாகப் போனில் பேசினார். பேச்சு முடியும் நேரத்தில் அந்தப் பிள்ளையைப் பற்றிக் கேட்டேன். ஏழாம் வகுப்புக்கு வந்துவிட்டாளாம். பள்ளிக்கு ஒழுங்காக வருகிறாளாம்.

“வாசிக்கிறாளா மேடம்?”

“வாசிக்குது. நல்லாவே வாசிக்குது. ஆனா எழுப்பிவிட்டா மொதல்ல என் டேபிள் மேல போன் இருக்குதான்னு பார்க்கும். நான் எடுத்துப் பைக்குள்ள வச்சப்புறம்தான் ஆரம்பிக்கும்.”

பக்கத்தில்தான் இருக்கிறாள், போனை அவளிடம் கொடுக்கட்டுமா என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.