வாய்க்கால் பக்கத்துச் சுவர்

பிசான நெல் நடவுக்கு வாய்க்காலில் தண்ணீர் வந்த சில நாட்களிலேயே, பாளையங்கோட்டையில் நாங்கள் குடியிருந்த வீட்டின் பின்னறைச் சுவர் கறுக்கத் தொடங்கும். சுவருக்கு அப்பால் வாய்க்கால். இப்பால் என் மகளின் கட்டில். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டபின் அந்த அறையில் எதுவும் உலர்வதில்லை. தலையணைக்கு அடியில் பூசணம் பூக்கும். என் கணவர் பாடம் நடத்தப் போகும்போது அணியும் கறுப்புக் கோட்டின் கழுத்தில் சாம்பலாகப் படியும். துடைப்பேன். மறுநாளும் துடைப்பேன். அந்த மாதங்களில் வேறென்ன செய்தேன் என்பது இப்போது நினைவில்லை.

மகளுக்கு அப்போது ஆறு வயது. மழைக்காலம் முழுவதும் இளைப்பு. மூச்சு விடுகையில் மெல்லிய சீழ்க்கை கேட்கும். அடுப்படியில் நின்றாலும் என் காது அவளிடமே இருக்கும்.

கிறிஸ்துமஸுக்கு முன் வீடு முழுவதும் வெள்ளையடிப்பது எங்கள் தெருவில் தவறாத வழக்கம். நாங்களும் ஆண்டுதோறும் அந்த ஈரச் சுவரின்மீதே சுண்ணாம்பு பூசினோம். பண்டிகை கழிவதற்குள் அது செதில் செதிலாக உரிந்து, அடியிலிருந்த கறுப்பு எட்டிப் பார்க்கும். பச்சைச் சுண்ணாம்பின் நெடியில் பிள்ளைக்கு இளைப்பு கூடிவிடும். எல்லோரும் பாடிக் களிக்கும் நாளில் அவள் உட்கார்ந்தபடியே உறங்குவாள்.

அந்தக் கார்த்திகையில், சுண்ணாம்பு நீற்றும் பானையைக் கணவர் வெளியே எடுத்தபோது சொன்னேன்: "இந்த வருசம் வெள்ளையே வேண்டாம். கட்டிலை முன்னறைக்குக் கொண்டு போயிருவோம்."

வீட்டில் உலர்ந்த இடம் முன்னறை ஒன்றுதான். வருகிறவர்களுக்கான நாற்காலிகளும் என் புத்தக அலமாரியும் அங்கே இருந்தன.

விடுமுறைக்கு வந்திருந்த நாத்தனார் கன்னத்தில் கையை வைத்தாள். "ஏ மைனி, பண்டிகைக்கு வாறவக எங்கன இருப்பாக? கட்டில் மேலயா?"

"இருக்கட்டும். பிள்ளை மூச்சு விடணும்லா."

"கறுத்த சுவரைப் பாத்துத் தெருவே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். அவுகளுக்கு மூச்சு நல்லா இருக்குல்லா."

கணவர் அலமாரியைப் பார்த்தார். "கட்டில் வரணும்னா இது பின்னறைக்குப் போகணுமே. உன் புஸ்தகம் எல்லாம் கெட்டுப் போகும்."

"தெரியும். அந்தப் பக்கம் பிடிங்க."

பண்டிகையன்று முதலில் வந்தவர் எங்கள் சபை உபதேசியார். குடையை மடக்கிக்கொண்டே, கட்டிலில் சாய்ந்திருந்தவளிடம், "என்ன தாயி, தர்பார் நடக்கா?" என்றார்.

"ஆமா தாத்தா, ஒவ்வொருத்தரா வாங்க" என்று மகள் முறுக்குத் தட்டை நீட்டினாள். முதலில் சிரித்தது நாத்தனார்தான்.

மறுநாள் காலை பின்னறைக்குப் போனேன். அலமாரியின் கீழ்த்தட்டில் அட்டைகளின்மேல் பூசணம் ஏறியிருந்தது. தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் துடைத்தேன். தோள் கடுத்தபோது எழுந்து முன்னறையை எட்டிப் பார்த்தேன். மகள் ஒருக்களித்துப் படுத்து உறங்கிக்கொண்டிருந்தாள். அருகே போய்க் குனிந்து கேட்டேன், சீழ்க்கை இல்லை. திரும்பி வந்து அடுத்த புத்தகத்தை எடுத்தேன்.