பத்தாம் நம்பர் றோட்டு எந்தப் பக்கம் போகிறது?

என்னை றோட்டுத் தெரியாதவன் என்று முதன்முதலில் சொன்னவன் குணம். ட்ரக் ஓடுகிறவனைக் கோபக்காரன் என்று சொல்லலாம், குளிக்காதவன் என்று சொல்லலாம், அவன் மனைவியே அவனை விருந்தாளி என்று சொல்லலாம். அதெல்லாம் தாங்கும். றோட்டுத் தெரியாதவன் என்று பெயர் வந்தால் அதோடு அவனை யாரும் ஸ்ரேரிங்கில் இருத்தமாட்டார்கள். பக்கத்துச் சீற்றில் வரைபடத்தை விரித்து வைத்து வழி சொல்லும் ஆளோடு பயணம் போய் அவதிப்பட்ட உங்களுக்கு இதற்கு மேல் நான் விளக்கத் தேவையில்லை.

நான் ஊரில் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ரொறன்ரோவுக்கு வந்து சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவி, பிறகு பெரிய ட்ரக் ஓடும் லைசென்ஸ் எடுத்து, தொண்ணூறுகளின் நடுவில் குணத்தின் ட்ரக்கில் இரண்டாவது ட்ரைவராக ஏறினேன். குணம் என்னைவிட இளையவன். ட்ரக் அவனுடையது, வரைபடமும் அவனுடையது. இங்கிருந்து சரக்கு ஏற்றிப்போய் அமெரிக்காவில் இறக்குவோம். திரும்பி வரும்போது அரிசோனாவில், மெக்சிகோ எல்லையோடு இருக்கிற நொகாலஸில் தக்காளி ஏற்றி வருவோம். பனிக்காலத்தில் நீங்கள் சாம்பாருக்கு வெட்டியது நான் கொண்டுவந்த தக்காளியாகவும் இருக்கலாம்.

வேற பத்து

முதல் பயணத்தில் வடக்கே மலைப்பக்கமிருந்து பதினேழாம் றோட்டால் பீனிக்ஸ் நகரத்துக்கு இறங்கினோம். சரக்கை இறக்கிய இடத்தில் நின்ற மனிதனிடம் நொகாலஸ் போக வழி கேட்டேன். "பத்தைப் பிடி, டூசான் வந்ததும் பத்தொன்பதுக்கு மாறு" என்றான். குணம் பின்னால் படுக்கையில் நித்திரை. நான் பத்தைப் பிடித்தேன். பலகையில் 'கிழக்கு' என்று இருந்தது. எனக்கென்ன, பத்து என்றால் பத்து. இரண்டு பக்கமும் வெட்டைவெளி. கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற ஆட்கள் மாதிரிக் கள்ளிமரங்கள். நாற்பது நிமிடம் போயிருப்பேன்.

குணம் எழும்பி முன்னுக்கு வந்தான். பலகையைப் பார்த்தான். "அண்ணை! நொகாலஸ் தெற்கை. நீங்கள் கிழக்கை ஓடிக்கொண்டு இருக்கிறியள். உப்பிடியே போனால் டெக்சஸ்தான். திருப்புங்கோ!" என்று கத்தினான். வழி சொன்ன மனிதனைப் பற்றிச் சொன்னேன். "அவனோ தக்காளி ஏத்துறவன்? திருப்புங்கோ எண்டுறன்!" ட்ரக் அவனுடையது. திருப்பினேன். பீனிக்ஸுக்கே போய், வந்த பதினேழாம் றோட்டைத் தேடிப் பிடித்தோம். அதில் 'தெற்கு' என்று பலகை. குணத்துக்கு முகம் மலர்ந்தது. பாட்டுக்கூடப் போட்டான்.

பாட்டு முடியவில்லை, பதினேழு முடிந்துவிட்டது. அது வளைந்துபோய் இன்னொரு றோட்டில் ஏறியது. ஏறிய றோட்டில் பலகை: பத்து, கிழக்கு. அதே கள்ளி, அதே வெட்டை, நான் றோட்டை விட்டு இறங்கித் திருப்பிய அதே இடம். அதே றோட்டால் டூசானுக்கு வந்து, நொகாலஸுக்குப் போய்ச் சேர்ந்தபோது எங்கள் தக்காளி வேறொருவனின் ட்ரக்கில் ஏறிப் போய்விட்டது. இரண்டு நாள் காத்துக் கிடந்தோம். "தம்பி, நான் வந்த றோட்டுத்தானே இது?" என்று கேட்டேன். குணம் வரைபடத்தை மடித்துக்கொண்டே சொன்னான்:

"இது முந்தின பத்து இல்லை அண்ணை. இது வேற பத்து."

உண்மையைச் சொல்லுகிறேன், அந்த நேரம் எனக்கும் இரண்டு பத்து இருக்குமோ என்று சந்தேகம் வந்தது.

கிழக்கண்ணை

ரொறன்ரோவில் எக்லின்ரன் பக்கம் தவமக்காவின் கொத்துரொட்டிக் கடையில்தான் ட்ரக் ஓடும் எங்கள் ஆட்கள் எல்லோரும் கூடுவார்கள். ஒருவனுக்கு வேலை கிடைப்பதும் போவதும் அந்தக் கடையின் வாங்குப் பலகையில் இருந்துதான். நான் போவதற்கு முன்னமே கதை போய்ச் சேர்ந்திருந்தது. அண்ணை தெற்கே போகச் சொல்லக் கிழக்கே போனவராம், தக்காளி அதால்தான் போனதாம். ரொறன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரில் ட்ரக் வைத்திருந்த ஒருவன் என்னை எடுப்பதாகச் சொல்லியிருந்தான். அன்று அவன் என்னைக் கண்டதும் பிளேன்ரீக் கோப்பைக்குள் எதையோ தேடினான்.

ஆகவே எனக்குக் குணத்தை விட்டால் வேறு ட்ரக் இல்லை. குணமும் ஒரு சட்டம் போட்டான்: அரிசோனா எல்லை வந்ததும் ஸ்ரேரிங் அவனுக்கு, நான் பக்கத்துச் சீற்றுக்கு. நான் கேட்டது ஒன்றே ஒன்று. அதே கடையில், அதே ஆட்கள் முன்னால், 'அண்ணை போனது சரியான றோட்டு' என்று அவன் ஒரு சொல் சொல்லவேண்டும். அது வரைக்கும் நான் கடைக்குள் போனால் தவமக்கா கரண்டியை நீட்டி இப்படித்தான் வரவேற்பாள்:

"வாங்கோ கிழக்கண்ணை, கதவு இஞ்சாலைப் பக்கம்."

தேசிக்காய்

அதற்குப் பிறகு சில வருடம் பீனிக்ஸ் சரக்குக் கிடைக்கவில்லை. எல் பாஸோவில் இறக்கிவிட்டு, நியூ மெக்சிகோவால் வந்து, பத்தாம் றோட்டில் மேற்கு நோக்கி அரிசோனாவுக்குள் நுழைவோம். எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும்: புறப்படும்போது சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசிப்பது. என் மனைவி அதோடு விடமாட்டாள். றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலில் வைத்தெடுத்து, குங்குமம் பூசி, இன்னொன்றைக் கண்ணாடிக்குக் கீழே வைத்துவிடுவாள்.

அரிசோனா எல்லையில் பழம், செடி ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். தொப்பி போட்ட ஒரு அம்மா ட்ரக்கில் ஏறி, தேசிக்காயை இரண்டு விரலால் தூக்கினாள். ஏன் சிவப்பாக இருக்கிறது என்றாள். குணம் "மருந்து" என்றான். நான் "சாமி" என்றேன். இரண்டு பேரும் இரண்டு பதில் சொன்னதும் எங்களை இறக்கிவிட்டு ட்ரக் முழுவதும் தேடினாள். கடைசியில் தேசிக்காயை ஒரு பையில் போட்டு முடிந்துகொண்டு கேட்டாள்:

"எலுமிச்சைத் தோட்டமுள்ள ஊருக்கு, பனி கொட்டுகிற ஊரிலிருந்து ஒரு எலுமிச்சம்பழமா கொண்டுவருகிறீர்கள்?"

கிலோமீற்றர்

அமெரிக்கா முழுவதும் மைல். அதை மனதில் ஏற்றுவதற்கே எங்களுக்கு ஒரு வருடம் எடுத்தது. டூசானிலிருந்து நொகாலஸ் போகும் பத்தொன்பதாம் றோட்டில் மட்டும் தூரப் பலகைகள் கிலோமீற்றரில் இருக்கும். ஏன் என்று நான் கேட்ட ஒருவருக்கும் தெரியாது. குணத்துக்கு அதைக் கண்டுபிடித்ததில் பெரிய சந்தோஷம். "பாத்தியளே அண்ணை, எங்கட கனடாக் கணக்கு!" என்றான். அப்போது வேகப் பலகை வந்தது: அறுபத்தைந்து. அதையும் கனடாக் கணக்கில் எடுத்து, அறுபத்தைந்து கிலோமீற்றரில் ஊர்ந்தான். வேகப் பலகை மட்டும் மைலில்தான் இருந்தது என்று எங்களுக்கு யார் சொல்வது?

பின்னால் கோர்ன் அடித்தார்கள். கையால் காட்டக்கூடாததெல்லாம் காட்டினார்கள். "சட்டம் தெரியாத சனம்" என்றான் குணம். பிறகு பொலிஸ் வந்தது. சுகவீனமா என்று கேட்டார் பொலிஸ்காரர். இல்லை என்றோம். பின்னால் நின்ற வரிசையைக் கையால் காட்டி, மிகவும் மரியாதையாகச் சொன்னார்:

"ஐயா, இவர்களில் சிலபேருக்கு இன்றைக்கே நொகாலஸ் போகவேண்டுமாம்."

தவமக்காவின் கடைக்கு அந்தக் கதை எப்படிப் போனது தெரியுமா? அண்ணை பயந்து மெல்லப் போகச் சொன்னவராம்.

புழுதி

அந்தப் பத்தாம் றோட்டில், நியூ மெக்சிகோப் பக்கம், புழுதிப் புயல் 'இருக்கக்கூடும்' என்று ஒரு பலகை. வரும் என்றால் வரும், வராது என்றால் வராது. இருக்கக்கூடும் என்றால் ட்ரைவர் என்ன செய்வது? ஒரு நாள், எல்லை தாண்டி அரிசோனாவுக்குள் வந்த பிறகு, அது இருந்தது. எதிரே மண்ணிறத்தில் ஒரு சுவர் எழும்பி வந்து, பட்டப்பகலை மூடியது. குணம் ட்ரக்கை ஓரம் கட்டி, உள்ள விளக்கெல்லாம் போட்டான். நான் பிள்ளையாரே என்று கண்ணை மூடினேன். தேசிக்காய்கூட இல்லை.

பின்னால் பெரிய சத்தத்தோடு பிறேக் பிடித்தது. எங்கள் ட்ரக்கின் வாலுக்கு ஒரு கை தூரத்தில் இன்னொரு ட்ரக். அதன் ட்ரைவர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு வந்து, எங்கள் கதவில் அடித்தான்:

"விளக்கை அணை! நீ ஓடுகிறாய், நீ இருக்கிற இடம்தான் றோட்டு என்று நினைத்தல்லவா உன் பின்னால் வந்தேன்!"

மணி

பனிக்காலத்தில் அரிசோனா ரொறன்ரோவைவிட இரண்டு மணித்தியாலம் பிந்தி. ஏப்ரலில் எல்லா ஊரும் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளிவைக்கும், அரிசோனா தள்ளாது. டூசானில் காசு போடும் பெட்டிப் போனிலிருந்து வீட்டுக்கு எடுத்து, இங்கே இப்போது மூன்று மணித்தியாலம் பிந்தி என்றேன். மனைவி விரல்விட்டு எண்ணுவது போனில் கேட்டது. பிறகு:

"போன முறை ரெண்டு, இந்த முறை மூண்டோ? குணம் சொன்னது சரிதான். நீங்கள் எங்கையோ பிழையான றோட்டிலதான் நிக்கிறியள்."

கொம்பாஸ்

தொண்ணூறுகள் முடியப் போகிற நேரம் மறுபடியும் பீனிக்ஸ் சரக்கு வந்தது. குணத்துக்கு இடுப்பில் நாரி பிடித்து, இருந்த இடத்திலிருந்து எழும்பமுடியாத நிலை. அவன் போட்ட சட்டத்தை அவனே எடுத்து, அரிசோனாவில் ஸ்ரேரிங்கை என்னிடம் தந்தான். ஆனால் கண்ணாடியில் புதிதாக ஒரு கொம்பாஸ் ஒட்டியிருந்தான். சரக்கை இறக்கிவிட்டுப் பத்தில் ஏறினேன். பலகை: கிழக்கு. கொம்பாஸ் முள் தெற்குக்கும் கிழக்குக்கும் நடுவில் நின்று ஆடியது. குணம் பலகையைப் பார்த்தான். முள்ளைப் பார்த்தான். நான் அன்று இறங்கித் திருப்பிய இடம் வந்தது, போனது. கொஞ்சத் தூரத்தில் ஒரு பலகையில் டூசான் என்று எழுதியிருந்தது. குணம் கொம்பாஸை விரலால் இரண்டு தட்டுத் தட்டினான். "பழுதாப்போச்சு" என்றான். டூசானுக்கும் வந்தோம், நொகாலஸுக்கும் போனோம், தக்காளியும் எங்களுக்கென்று காத்திருந்தது.

ரொறன்ரோவுக்கு வந்ததும் அவனை நேரே தவமக்காவின் கடைக்குக் கூட்டிப்போனேன். வாங்கு நிறைய ஆட்கள். மார்க்கத்துக்காரனும் இருந்தான். கொத்துரொட்டி வந்தது. "தம்பி, இஞ்ச இருக்கிற எல்லாருக்கும் கேட்கச் சொல்லு. பீனிக்ஸால நொகாலஸுக்கு எந்த றோட்டால போனனாங்கள்?" என்றேன். தவமக்கா ரொட்டி கொத்துகிற இரும்புத் தகட்டை நிறுத்தினாள். குணம் வாயில் இருந்ததை அவசரப்படாமல் மென்று விழுங்கினான்.

"ஓம், அண்ணை போன பத்தாலதான் போனது. அதில பொய் இல்லை," என்றான். நான் எழும்பியே விட்டேன். அவன் தண்ணீரை எடுத்துக் குடித்துவிட்டு மற்றவர்கள் பக்கம் திரும்பினான்:

"ஆனா முந்தி அந்த றோட்டு டெக்சஸுக்குத்தான் போனது. இப்பத்தான் உவங்கள் மாத்திப்போட்டாங்கள்."

எல்லோரும் தலையாட்டினார்கள். தவமக்கா திரும்பவும் கொத்தத் தொடங்கினாள். "கிழக்கண்ணைக்கு ஒரு பிளேன்ரீ குடு பிள்ளை" என்று உள்ளே குரல் கொடுத்தாள்.

அரிசோனாவில் எது கிழக்கு, எது தெற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை, ஆனால் குணம் எனக்கு ஒரு சொல் தரவேண்டியிருக்கிறது என்பதில் மட்டும் ஒரு குழப்பமும் இல்லை.