வயிறு எரிஞ்சது நிஜந்தான்!

'வயிறு எரியுது'ன்னு எங்கே வேணும்னாலும் சொல்லலாம். புது வீட்டுக் கிரகப்பிரவேசத்துல சொல்லலாமா? என் வீட்டுக்காரர் சொல்லிட்டார். போன மாசம், திண்டிவனத்துல, என் தங்கச்சி சரோஜா வீட்டுல!

சரோஜா புருஷனுக்கு மல்லாட்டை மண்டி. வேர்க்கடலையில நல்ல வியாபாரம். மொசைக் தரை, சுவிட்சைத் தட்டினா சுத்துற ஃபேன்... ஹோமம் முடிஞ்சும் பந்தி போட்ட பாடில்லை. விழுப்புரத்துலேருந்து வெறும் காப்பியோட முதல் பஸ்ஸுல வந்த மனுஷன், நடுக்கூடத்துல ஃபேனை அண்ணாந்து பார்த்து, வயித்தைப் புடிச்சிக்கினு சொன்னார் — "யப்பா... வயிறு எரியுதே!"

கூடமே திரும்பிப் பார்த்துச்சு. "எங்க வீட்டைப் பார்த்தா மாமாவுக்கு அப்படியா இருக்குது?"ன்னு கேட்டவதான் சரோஜா. அப்புறம் என்னோட பேச்சே இல்லை. எனக்குக் கூடப்பிறந்தது அவ ஒருத்திதான். மனசு கேக்குமா?

இவரை டாக்டர்கிட்ட தரதரன்னு இழுத்துக்கினு போனேன். "வாயுங்க டாக்டர்" — இது நான். "பித்தங்க" — இது இவர்.

டாக்டர் சிரிச்சார். "வயித்துல எது வந்தாலும் இந்த ரெண்டு பேருதான் வைப்பீங்களா? சாப்பிட்டா அடங்குதா, ஏறுதா? அதைச் சொல்லுங்க."

"பந்தியில ரெண்டு வாய் உள்ளே போனதும் அடங்கிடுச்சுங்க."

"சாப்பிட்டுப் படுத்ததும் நெஞ்சு வரைக்கும் எரிஞ்சா, புளிச்ச தண்ணி மேலே ஏறுதுன்னு அர்த்தம். எண்ணெய்ப் பலகாரம் தின்னதும் வலது விலாவுக்குக் கீழே சுருட்டிப் புடிச்சா, பித்தப்பையில கல் இருக்கலாம். வெறும் வயித்துல எரிஞ்சு, சாப்பிட்டதும் அடங்கினா பெரும்பாலும் குடல்புண். எதுக்கும் எக்ஸ்ரே பார்த்துடுவோம்."

வெள்ளை மாவைக் கரைச்சுக் குடிக்க வச்சு எக்ஸ்ரே எடுத்தாங்க. அல்சரேதான்!

எனக்கு வந்த சந்தோஷம் இருக்கே... புருஷனுக்கு அல்சர்னு குதிச்ச பொண்டாட்டி வேற யாராவது உண்டா? இவர் முறைச்சார். முறைச்சா முறைக்கட்டும்னு ஜல்தியா திண்டிவனம் பஸ்ஸைப் புடிச்சோம்.

"ஏண்டி, மாமாவுக்கு அல்சராம்டி! பொறாமையா இருந்தா, உன் வீட்டுப் பாயசத்தைக் குடிச்சதும் அடங்குமா?"

சரோஜா யோசிச்சா. மாமா கேட்டுக் கேட்டு வாங்கிக் குடிச்சது ஞாபகம் வந்திருக்கும். "நிஜமாவே அல்சராக்கா? அப்பாடா!"ன்னு என்னைக் கட்டிக்கினு அழுதா, சிரிச்சா. இவருக்கு ஒரு சொம்பு பால். எனக்குத் தலைவாழை இலையில விருந்து!

சாப்பிட்டு வெத்திலை மடிக்கும்போது மெதுவா சொன்னா — "அக்கா, தை மாசம் மாடி எடுக்கப் போறோம்!"

எனக்கு லேசா வயிறு எரிஞ்சுது. வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தேன்... அடங்கவே இல்லை!